விளையாட்டுத் திடல் கட்டும் முன்: மே சோட் பள்ளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தாய்லாந்தின் மேற்கெல்லையில், மொய் ஆற்றுக்கு இக்கரையில் இருக்கிறது மே சோட். பர்மாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் சிறு பள்ளிகள் அங்கே பல உண்டு. டயர், இரும்புக் குழாய், மூங்கில் கொண்டு திடல் அமைத்துத் தர வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வருவார்கள். கட்டும்போது நடக்கும் தவறுகளைவிட, முதல் தடவை இடம் பார்க்கப் போகும்போது நடப்பவைதான் அதிகம்.

ஏப்ரலில் போகாதீர்கள். சோங்கிரான் புத்தாண்டு நேரம், பள்ளி பூட்டியிருக்கும். பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள், எந்த மரத்தடியில் கூடுகிறார்கள் என்பது தெரியவே தெரியாது. மழை மே முதல் அக்டோபர் வரை. ஆகஸ்டில் போனால் முற்றத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தை நேரிலேயே பார்த்துவிடலாம். கட்டும் வேலையை டிசம்பர், ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் யாருடையது என்று கேட்காமல் வருவது அடுத்த தவறு. இப்பள்ளிகளில் பல வாடகை நிலத்தில் நடக்கின்றன. தலைமையாசிரியர் சரி என்றாலும் நிலக்காரர் சொல்ல வேண்டும். குத்தகை உறுதியில்லை என்றால் கான்கிரீட்டில் புதைக்காமல், கழற்றி எடுத்துப்போகும்படி போல்ட் போட்ட சட்டமாகச் செய்யுங்கள்.

அதிகம் சொதப்புவது ஊஞ்சல் கணக்கில். சட்டத்தின் அகலத்தை மட்டும் டேப்பில் அளந்துவிட்டு 'இடம் போதும்' என்பார்கள். சங்கிலி மாட்டும் உயரம் 2.4 மீட்டர் என்றால் முன்னே 4.8, பின்னே 4.8 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருபுறமும் 1.8 மீட்டர். 3 மீட்டர் அகலச் சட்டம் ஒன்றுக்கு மொத்தம் 9.6 × 6.6 மீட்டர்; வகுப்பறைச் சுவரும் கொடிக்கம்பமும் இதற்குள் வரவே கூடாது. சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுப் பார்த்தால் பாதிப் பள்ளிகளில் ஊஞ்சல் ஆசை அங்கேயே முடிந்துவிடும்.

கீழே மணல் கொட்டினால் ஆயிற்று என்ற நினைப்பும் தப்பு. 23 செ.மீ. மணல் சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத்தான் தாங்கும். ஊஞ்சலுக்கு விழும் உயரம் சங்கிலி மாட்டும் உயரமேதான். மரச்சில்லு அதே ஆழத்தில் 3 மீட்டர் வரை தாங்கும். ஆனால் அமுங்கும் என்பதால் 30 செ.மீ. கொட்ட வேண்டும், அதாவது மேலே சொன்ன பரப்புக்கு 19 கன மீட்டர். மழையில் மக்கிவிடுவதால் அவ்வப்போது நிரப்ப ஆளும் பணமும் வேண்டும். இந்தச் செலவை எழுதாத பட்ஜெட் பட்ஜெட்டே இல்லை.

டயரை எண்ணி மட்டும் வாங்காதீர்கள். உட்புறம் விரலை ஓட்டிப் பாருங்கள்: கம்பி குத்தினால் வேண்டாம். வெட்டிய ரேடியல் டயரில் எஃகு இழை வெளியே வரும். நிறுத்தி வைக்கும் ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று நான்கு துளை போடாவிட்டால் டெங்குக் கொசுவுக்குத் தொட்டி கட்டியது போலத்தான்.

ஏணிப்படி, கம்பி இடைவெளிகளில் 9 முதல் 23 செ.மீ. வரை உள்ளவை ஆபத்து. கால் முதலில் நுழைந்து உடல் போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். பழைய சாமான்களைச் சோதிக்க இந்த இரு அளவிலும் அட்டை வெட்டிக் கொண்டுபோங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் நீட்டும் போல்ட், லுங்கி போல இடுப்பில் கட்டும் பச்சை லோஞ்சியில் மாட்டும். அது பர்மியப் பள்ளிச் சீருடை.

தகரச் சறுக்குமரம் வெயிலில் தோலைச் சுடும். மர நிழலிலோ வடக்குப் பார்த்தோ வையுங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் முன்னால் எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை நட்டு இறுக்கப் போவது யார் என்று ஆசிரியர்களிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கென்று பொருந்தும் ஸ்பேனர் இரண்டையும் செலவுப் பட்டியலில் சேருங்கள்.