ஊர் மண்டபத்துக்கு லீடர் நிதி வாங்குவது எப்படி

அயர்லாந்தின் ராஸ்காமன் கவுண்டியில் ஒரு சின்ன ஊரின் சமூக மண்டபக் கமிட்டிக்கு நான் பொருளாளர். சமையலறையைப் புதுப்பிக்க வேண்டும், சக்கர நாற்காலி போகிற மாதிரி கழிப்பறை கட்ட வேண்டும், ஐரோப்பியப் பணம் கிடைக்குமா என்று பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், பிராந்திய சபைக்கு (பல கவுண்டிகளுக்குப் பொதுவான அரசு அமைப்பு) ஓடாதீர்கள். 2015 முதல் நாட்டில் அப்படி மூன்று சபைகள் இருக்கின்றன; எங்கள் பக்கத்துக்கு வடக்கு மற்றும் மேற்குப் பிராந்திய சபை. ஐரோப்பியப் பிராந்திய வளர்ச்சி நிதி அவர்கள் கையில்தான் இருக்கிறது, ஆனால் அது ஆராய்ச்சி, எரிசக்தி, நகர மையங்களை மீட்பது போன்ற பெரிய வேலைகளுக்கு. மண்டபத்துச் சமையலறைக்கு லீடர்தான் சரி. கிராமப்புற வளர்ச்சிக்காக 1991-ல் தொடங்கிய ஐரோப்பியத் திட்டம் அது. 2023-27 சுற்றில் அயர்லாந்துக்கு 18 கோடி யூரோ. எந்த ஊருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது உங்கள் பகுதியின் உள்ளூர்ச் செயல் குழு.

அந்தக் குழுவின் வளர்ச்சி அலுவலருக்கு முதலில் போன் செய்யுங்கள். அப்புறம் விருப்ப மனு என்ற சின்னப் படிவம். அது தேறினால்தான் முழு விண்ணப்பம். பக்கத்து ஊரில் ஒருவர் சொந்தக் காசில் ஜிம் நடத்தும்போது உங்கள் மண்டபத்துக்கு ஜிம் கேட்டால் தேறாது. இருக்கிற தொழிலைக் கெடுக்கும் எதற்கும் லீடர் பணம் தராது. நியாயம்தான்.

இனி காசு விஷயம். சமூகத் திட்டத்துக்கு அதிகபட்சம் 75 சதவீதம் மானியம். 60,000 யூரோ வேலை என்றால் 45,000 அவர்கள், 15,000 நீங்கள். எல்லோரும் அந்த 15,000-க்காக டேபிள் குவிஸ், ராஃபிள் என்று ஓடுகிறார்கள். நான் கவலைப்படுவது 45,000-க்கு. ஏனென்றால் மானியம் முன்பணம் கிடையாது: காண்ட்ராக்டருக்குக் கொடுத்து, ரசீதும் பேங்க் ஸ்டேட்மென்டும் காட்டிய பிறகுதான் வரும். அதுவரை தாங்க இடைக்காலக் கடன் வேண்டும். கிளான் கிரெடோ, கம்யூனிட்டி ஃபைனான்ஸ் அயர்லாந்து இரண்டும் இப்படிப்பட்ட கமிட்டிகளுக்குக் கடன் தருகின்றன. வட்டியையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் கைக்காசு. தவணையாக மானியம் கோர முடியுமா என்று அலுவலரிடம் கேட்டுவிடுங்கள், கடன் சின்னதாகும்.

விண்ணப்பத்தோடு கமிட்டியின் விதிமுறை ஆவணம், வரிச் சான்றிதழ், தேவைப்பட்டால் கட்டட அனுமதி எல்லாம் கேட்பார்கள். மண்டபம் யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். பல மண்டபங்கள் திருச்சபை பெயரில் இருக்கும். நீண்ட குத்தகை எழுதி வாங்க வக்கீல்கள் மாதக்கணக்கில் இழுப்பார்கள்.

காண்ட்ராக்டர்களிடம் வாங்கும் விலைக் கொட்டேஷன்களில் ஒரே வேலையை ஒரே அளவில் எழுதி வாங்குங்கள். ஒருவர் அலமாரியைச் சேர்த்து, இன்னொருவர் விட்டு எழுதினால் ஒப்பிடவே முடியாது. வாட் வரியைத் திரும்பப் பெற முடியாத கமிட்டி என்றால், வரியோடு சேர்த்த தொகையைப் போடுங்கள்.

மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் ஒரு குழாய்கூட வாங்கக் கூடாது. முன்கூட்டி வாங்கிய எதற்கும் மானியம் இல்லை. எங்கள் கமிட்டியில் ஆர்வக்கோளாறு உள்ளவர்களிடம் செக் புத்தகம் கொடுப்பதில்லை!

வேலை முடிந்ததும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியுள்ள பலகையை மாட்டி, கோப்பைப் பத்திரமாக வையுங்கள். பணம் வந்த பிறகும் ஆய்வுக்கு வருவார்கள்.