கடைக்கு நெட்டு, போன், சிம்மு எடுக்குறதுக்கு முன்னாடி (தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரங்களுக்கு)

கடைகளுக்கு பில்லிங் மெஷினும் கேமராவும் போட்டுக் கொடுக்குற வேலைங்க நமக்கு. போற இடமெல்லாம் "எந்த கம்பெனி நெட்டு நல்லாருக்கும்ணா"ன்னு கேக்குறாங்க, ஒத்தை வார்த்தைல பதில் சொல்லவே முடியாது, ஏன்னா நம்ம பக்கம் அது ஊருக்கு ஊரு கூட இல்ல, தெருவுக்குத் தெரு மாறும். காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுகிட்ட பறக்குற சிம்மு, கொஞ்ச தூரம் தள்ளி மாந்தோப்புக்குள்ள இருக்குற மாங்கூழ் ஃபேக்டரில ஒரு போட்டோ அனுப்பவே திணறும். அதனால கம்பெனி பேரை ஓரமா வைங்க. லைன் கட்டானா உங்க தொழில்ல எது நிக்கும், எவ்ளோ நேரம் நின்னா தாங்கும், இத மொதல்ல யோசிங்க. அதுக்கு பதில் தெரிஞ்சிருச்சுன்னா பிளான் பாக்குறது சின்ன வேலைதான்.

டீக்கடை, சின்ன மளிகை, தள்ளுவண்டிக்கெல்லாம் ஃபைபரே வேணாங்க. ஜிபே, போன்பே பணம் வந்தா கத்துற சவுண்ட் பாக்ஸ்ல தனியா ஒரு சிம்மு உள்ளயே இருக்கு, அது உங்க வைஃபைய எதிர்பாக்குறது இல்ல. ஸ்கேன் பண்றது கஸ்டமர் போன்ல, அவரோட டேட்டால. உங்களுக்கு வேண்டியது நல்ல சிக்னல் வர ஒரு சிம்மு, அவ்ளோதான். மாசம் ஐநூறு அறுநூறு எதுக்கு வெட்டியா கட்டணும்?

தக்காளி மண்டி, புளி வியாபாரம்னா கதையே போன்லதான் ஓடுது, ராயக்கோட்டைலயோ பாலக்கோட்டுலயோ ஏலம் போற நேரத்துல பெங்களூர் பார்ட்டி லைன்ல கிடைக்கலன்னா சரக்கு வேற ஒருத்தருக்குப் போயிரும். அங்க நெட்டு ஸ்பீடைவிட கால் கட்டாகாம பேச முடியுதாங்குறதுதான் முக்கியம். கிரானைட்டு, மாங்கூழு, பர்கூர்ல துணி மொத்த வியாபாரம் பண்றவங்களுக்கு வேற தலைவலி. 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு பார்டர் தாண்டுதுன்னா இ-வே பில் (சரக்கு போறதுக்கு ஜிஎஸ்டி வெப்சைட்ல எடுக்குற சீட்டு) இல்லாம லாரி கிளம்பக் கூடாது, வருஷத்துக்கு 5 கோடிக்கு மேல டர்ன் ஓவர் இருந்தா இ-இன்வாய்ஸும் (பில்ல ஆன்லைன்ல பதிவு பண்றது) சேந்து வந்துரும். நெட்டு போச்சுன்னா லாரி லோடோட நிக்கும், டிரைவர் மொறைச்சுட்டு நிப்பாரு. இவங்க கண்டிப்பா ரெண்டு வழி வெச்சுக்கணும்.

சிக்னல் செக் பண்றத பத்தி சொல்லிடறேன். கம்பெனிங்க அவங்க கவரேஜ் மேப்ப வெப்சைட்ல போடணும்னு ட்ராய் (டெலிகாம் கம்பெனிங்கள கண்காணிக்குற அரசு அமைப்பு) ரூல் இருக்கு, பாருங்க, ஆனா உங்க குடோனுக்கு தகர ஷீட்டு போட்ருக்குன்னு மேப்புக்குத் தெரியாது. தகரமும் கான்கிரீட்டும் சிக்னல முழுங்கும், நம்ம பக்கம் பாறைக் குன்று வேற நிறைய, டவர் ஒரு பக்கமும் கடை மறுபக்கமும் இருந்தா கட்டம் காமிக்கும், பேச்சு வராது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலைக்காட்டுப் பக்கம் தொழில் பண்றவங்க ஒரே கம்பெனிய நம்பி உக்காரவே கூடாது. தெரிஞ்சவங்க போன்ல வேற வேற கம்பெனி சிம்மு இருக்கும்ல, அத வாங்கி நீங்க உக்கார்ற கல்லாவுல, குடோனு மூலைல, கோல்டு ஸ்டோரேஜ் வாசல்ல நின்னு பேசிப் பாருங்க. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்துல பாத்தா எல்லாமே நல்லாதான் இருக்கும், உங்களுக்கு வியாபாரம் ஜோரா போற நேரத்துல பாருங்க, சந்தை நாள் அன்னிக்கும் ஒரு தடவை பாருங்க. ஸ்பீடு பாக்க ட்ராயோட மைஸ்பீட் ஆப்பே இருக்கு, இலவசம்.

குடோனுக்குள்ள சிக்னல் சுத்தமா இல்ல, ஆனா ஃபைபர் இருக்குன்னா அங்க ஒரு வைஃபை வெச்சு போன்ல வைஃபை காலிங் (டவர் இல்லாம வைஃபை வழியாவே பேசுறது) ஆன் பண்ணிக்கோங்க, ஜியோவும் ஏர்டெல்லும் இத கொடுக்குறாங்க, தனி காசு கிடையாது. பூஸ்டர்னு சொல்லி கடைல விக்குற பெட்டிய மட்டும் வாங்காதீங்க, லைசென்ஸ் இல்லாம சிக்னல் ரிப்பீட்டர் வைக்குறது சட்டப்படி தப்பு.

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி மாதிரி பார்டர் பக்கம் இருக்கவங்களுக்கு போன் அடிக்கடி கர்நாடகா டவரயோ ஆந்திரா டவரயோ புடிச்சுக்கும். இப்போ வர்ற பிளான்கள்ல பெரும்பாலும் ரோமிங்குக்குன்னு தனி காசு இல்ல, பயப்பட வேணாம். பெங்களூர் கஸ்டமருக்காக கர்நாடகா நம்பர் ஒண்ணு தனியா வாங்கலாமான்னு ஓசூர்ல கேப்பாங்க, தேவையில்லைன்னுதான் சொல்வேன்.

இப்போ ஃபைபர். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல், அப்புறம் ஊர்ல கேபிள் டிவி நடத்துறவங்க வழியா வர்ற லைன்னு நாலஞ்சு இருக்கும். பிஎஸ்என்எல் ஃபைபரே நிறைய ஊர்ல லோக்கல் பார்ட்னர் மூலமாதான் இழுத்துக் குடுக்குறாங்க. அதனால கம்பெனி போர்டப் பாக்காதீங்க, லைன் அறுந்தா ஏணிய எடுத்துட்டு வர்ற ஆளு யாரு, அவர் எந்த ஊர்ல இருக்காரு, போன் எடுப்பாரா, இத பாருங்க. பக்கத்து நாலு கடைல போய் "போன தடவ கட்டானப்ப சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சுண்ணா"ன்னு கேளுங்க, "ஸ்பீடு எப்படி"ன்னு கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. காரிமங்கலத்துல இருக்குற லைன்மேனு அரை மணி நேரத்துல வந்து நிப்பாருன்னா, டோல்ஃப்ரீ நம்பர் மட்டும் வெச்சிருக்குற பெரிய கம்பெனிய விட அவர் லைன்தான் உங்க தொழிலுக்கு லாயக்கு.

ஸ்பீடு விஷயத்துல ஏமாறாதீங்க. 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 100 எம்பி இறங்கும்னு நினைப்பாங்க, அது பிட்டு கணக்கு, எட்டால வகுத்தா 12 எம்பி சொச்சம்தான். பில்லு போட, டேலி, ஜிஎஸ்டி, வாட்ஸ்அப் இதுக்கெல்லாம் 30 எம்பிபிஎஸ்ஸே தாராளம். கேமராதான் அப்லோடு கேக்கும், வீட்ல இருந்து கடைய லைவா பாக்குறப்போ ஒரு 2 மெகாபிக்சல் கேமராவுக்கு சுமாரா 2ல இருந்து 4 எம்பிபிஎஸ் போகும், எட்டு கேமராவையும் ஒரே நேரத்துல ஃபுல் குவாலிட்டில பாத்தா கணக்கு போட்டுக்கோங்க. அதனால "அப்லோடு எவ்ளோ"ன்னு தனியா கேளுங்க, ஃபைபர்ல பொதுவா ரெண்டும் சமமா வரும், மொட்டை மாடில டப்பா வெச்சு 5ஜில இருந்து குடுக்குற ஏர்ஃபைபர்ல அப்லோடு கம்மியாதான் இருக்கும். அன்லிமிடெட்ங்குறதும் அப்படித்தான், அடில சின்ன எழுத்துல மாசம் 3300 ஜிபி மாதிரி ஒரு எல்லை இருக்கும், தாண்டினா ஸ்பீடு படுத்துரும். சாதாரண கடை அத தொடாது, லாட்ஜு, ஹாஸ்டல் நடத்துறவங்க கவனிங்க.

ஆபீஸ் கம்ப்யூட்டர வெளில இருந்து கனெக்ட் பண்ணணும், சர்வர் வெச்சிருக்கேன்னு சொல்றவங்க ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நெட் அட்ரஸ்) கிடைக்குமா, மாசம் எவ்ளோன்னு எடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. லீஸ்டு லைன் (உங்களுக்கு மட்டும்னு தனியா இழுக்குற லைன்) சிப்காட் கம்பெனிங்களுக்கு சரி, நமக்கு வேணாம்.

காசு கணக்கு. விளம்பரத்துல 499னு இருந்தா கைல கட்டுறது 588 ரூபாய் 82 காசு, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேந்துக்கும். நீங்க ஜிஎஸ்டி ரெகுலர்ல இருந்தா அந்த வரிய கிரெடிட்டா எடுக்கலாம், அதாவது நீங்க கட்டுற ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம், ஆனா பில்லுல உங்க கடை பேரும் ஜிஎஸ்டி நம்பரும் இருந்தாதான். வீட்டுப் பேர்ல, மச்சான் ஆதார்ல எடுத்துட்டு அப்புறம் ஆடிட்டர்கிட்ட போய் நின்னா அவர் என்ன பண்ணுவாரு. ஜிஎஸ்டி காம்போசிஷன் ஸ்கீம்ல இருக்கவங்களுக்கும் 5 சதவீத வரி போடுற ஓட்டலுக்கும் எப்படியும் கிரெடிட் கிடையாது, அவங்க எது சீப்போ அத பாருங்க. ஆறு மாசம், ஒரு வருஷம் மொத்தமா கட்டினா இன்ஸ்டலேஷன் ஃப்ரீன்னு ஆசை காட்டுவாங்க, மொத ரெண்டு மாசம் மாசாமாசம் கட்டி ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் கட்டுங்க. மாம்பழ சீசனுக்கு மட்டும் ஓடுற யூனிட்டுன்னா வருஷ பிளான் பக்கமே போகாதீங்க, மத்த மாசத்துல நிறுத்தி வைக்க முடியுமான்னு கேளுங்க.

பேக்கப் வைக்கிறேன்னு நிறைய பேர் ரெண்டு கம்பெனி ஃபைபர் எடுக்குறாங்க. தெருவுல நிமிந்து பாருங்க, ரெண்டு லைனும் ஒரே போஸ்ட்டு கம்பத்துலதான் தொங்கும். லாரி மேல தார்ப்பாய் ஒண்ணு மாட்டி இழுத்தா ரெண்டும் சேந்தே அறுந்துரும். நாலு வழிச்சாலை வேலை நடக்குற பக்கம் ஜேசிபி இறங்கினாலும் இதே கதைதான். அதனால ஒண்ணு கம்பி, இன்னொண்ணு காத்துல வர்றதா இருக்கட்டும், அதுவும் வேற கம்பெனியா இருக்கட்டும். ரெண்டு லைன் மாட்டுற ரவுட்டர் கிடைக்குது, ஒண்ணு போனா தானா மாறிக்கும். அது வேணாம்னா ஒரு பழைய போன்ல சிம்ம போட்டு ஹாட்ஸ்பாட்டுக்கு வெச்சுக்கோங்க, ஆனா அந்த சிம்முல ரீசார்ஜ் இருக்கான்னு கட்டாகுறதுக்கு முன்னாடியே பாக்கணும்ங்க, கட்டானப்புறம் இல்ல.

கரண்டு இன்னொரு பக்கம். மாசாந்திர பராமரிப்புன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்துவாங்கல்ல, ஃபைபர் பெட்டிக்கு கரண்டு இல்லன்னா நெட்டும் இல்ல, அதுல வர்ற லேண்ட்லைனும் இல்ல. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் கரண்டு போனாலும் அடிக்கும், எக்சேஞ்சுல இருந்தே அதுக்கு கரண்டு வரும், ஃபைபர் லேண்ட்லைன் அப்படி இல்லைன்னு பெரியவங்களுக்கு சொல்லிப் புரிய வைக்கணும். ரவுட்டருக்குன்னே 12 வோல்ட் மினி யூபிஎஸ் விக்குது, வாங்கி வைங்க, ஓஎன்டி பெட்டியும் (ஃபைபர் கம்பி வந்து சேருற பெட்டி) ரவுட்டரும் தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் வேணும். நாள் பூரா கட்டுன்னா அது தாங்காது, இன்வெர்டர்ல ஒரு பாயிண்ட் இழுத்துருங்க.

லேண்ட்லைன் இன்னுமா வேணும்னு கேக்குறீங்க. எனக்கு அது புடிக்கும். 04342னு ஆரம்பிச்சா தர்மபுரி, 04343னா கிருஷ்ணகிரி, 04344னா ஓசூர், பாத்தவுடனே இவங்க ஊர்ல கடை வெச்சிருக்க ஆளுன்னு கஸ்டமருக்குத் தெரியும். ஃபைபர் கூடவே பெரும்பாலும் சும்மா குடுக்குறாங்க. அந்த லேண்ட்லைன் நம்பரயே வாட்ஸ்அப் பிசினஸ்ல போட்டுக்கலாம், வெரிஃபை பண்றப்போ எஸ்எம்எஸ் வேணாம், கால் வரட்டும்னு குடுத்தா போன் அடிச்சு கோட் சொல்லும். வேலைக்காரப் பையன் மாறினாலும் கடை வாட்ஸ்அப் நம்பர் மாறாது. லேண்ட்லைன்ல இருந்து செல்லுக்கு அடிக்கும்போது முன்னாடி ஒரு சைபர் போடணும், 2021ல இருந்து அப்படித்தான்.

நம்பர் விஷயம்தான் பிளானை விடப் பெருசுங்க. ஜிஎஸ்டி, பேங்க், உத்யம் (சிறு தொழில் பதிவு) எல்லாத்துக்கும் ஓடிபி போறது ஒரே நம்பருக்குத்தான், போர்டுலயும் பில்லுலயும் இருக்குறது அதே நம்பர்தான், ஆனா அந்த சிம்மு யார் பேர்ல இருக்குன்னு கேட்டா முழிப்பாங்க. முன்னாடி வேலை பாத்த அக்கவுண்டன்ட் பேர்ல இருக்கும், சண்ட போட்டுட்டுப் போன பார்ட்னர் பேர்ல இருக்கும். சிம்மு யார் பேர்லயோ நம்பர் அவங்களுது, அவங்க சம்மதிக்காம வாங்கவே முடியாது. சஞ்சார் சாத்திங்குற அரசு வெப்சைட்ல போய் உங்க பேர்ல எத்தனை கனெக்ஷன் இருக்குன்னு இன்னிக்கே பாருங்க, தெரியாத நம்பர் இருந்தா அங்கயே புகார் குடுத்து எடுத்துரலாம். ஒரு ஆளு பேர்ல 9 சிம்முக்கு மேல வெக்கக் கூடாது, தாண்டினா மொத தடவையே 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம்னு 2023 தொலைத்தொடர்பு சட்டத்துல இருக்கு. அதனால லைனுக்குப் போற சேல்ஸ் பசங்க, டிரைவருங்க எல்லாருக்கும் உங்க ஆதார்லயே வாங்கிக் குடுக்காதீங்க, கம்பெனி பேர்ல பிசினஸ் கனெக்ஷனா எடுங்க, யூஸ் பண்ற ஒவ்வொருத்தருக்கும் கேஒய்சி (அடையாளச் சான்று சரிபார்ப்பு) கேப்பாங்க, கொஞ்சம் அலைச்சல்தான், ஆனா பையன் வேலைய விட்டுப் போனா கஸ்டமர் நம்பரோட போகமாட்டான்.

ஓடிபி நம்பர் போஸ்ட்பெய்டா இருந்தா நல்லது. ப்ரீபெய்டு 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், ஒண்ணு மறந்தா அன்னிக்குன்னு பாத்து ஜிஎஸ்டி ஃபைல் பண்ணணும். ரெண்டாவது சிம்ம டிராயர்ல போட்டு மறந்துராதீங்க, 90 நாள் எந்த யூசும் இல்லாம, பேலன்ஸும் இல்லாம கெடந்தா நம்பர் போயிரும், அப்புறம் வேற யாருக்கோ போகும், உங்க பேங்க் மெசேஜ் அவருக்குப் போகும். பேச மட்டும் போன் வெச்சிருக்குற வாட்ச்மேன், தோட்டக்காரருக்கு டேட்டா இல்லாத வாய்ஸ் பிளான் கேளுங்க, கடைக்காரர் தானா சொல்லமாட்டாரு. "ட்ராய்ல இருந்து பேசுறோம், ரெண்டு மணி நேரத்துல உங்க நம்பர் கட்டாகும்"னு கால் வந்தா வெச்சிருங்க, ட்ராய் யாருக்கும் அப்படி போன் பண்றது இல்ல. பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க.

கம்பெனி சரியில்லன்னா மொதல்ல கஸ்டமர் கேர்ல புகார் பண்ணி டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்க, லைன்மேனுக்கு போன் பண்ணது கணக்குல வராது. தீரலன்னா அதே கம்பெனியோட அப்பீல் அதாரிட்டிக்கு 30 நாளைக்குள்ள போகலாம், காசு கிடையாது. அதுக்கும் மேலன்னா நுகர்வோர் ஆணையம், டெலிகாம் கேஸ் அங்க போகலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

மொபைல் நம்பர மாத்தாம கம்பெனிய மட்டும் மாத்துறதுன்னா PORTனு இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல அடிச்சு, இடம் விட்டு உங்க நம்பர் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. வர்ற கோட் 4 நாளைக்கு செல்லும். இப்ப இருக்குற கம்பெனில 90 நாள் ஆகியிருக்கணும், போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தா கட்டிருக்கணும். கடைசியா சிம்ம மாத்தி 7 நாள் ஆகலன்னாலும் கோட் வராது. கம்பெனி பேர்ல இருக்குற நம்பருக்கு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் கேப்பாங்க, கூடுதலா ரெண்டு நாள் ஆகும். மாறுற நேரத்துல கொஞ்ச மணி நேரம் போன் செத்துக் கெடக்கும், அதனால ஜிஎஸ்டி கட்டுற 20ஆம் தேதி பக்கமும், சீசன் உச்சத்துலயும் இந்த வேலைய வெச்சுக்காதீங்க. சிம்மு தொலைஞ்சு அதே நம்பருக்கு டூப்ளிகேட் வாங்கினாலும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அன்னிக்கு ஓடிபி வேலை எதுவும் ஓடாதுன்னு ஆடிட்டருக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க.