ஒரே பக்கம், எட்டு முகவரி: கூகுளுக்குச் சரியானதைக் காட்டுவது எப்படி?

முகவரியின் தொடக்கம் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று இரண்டு. முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இருந்தும் இல்லாமலும் நான்கு. கடைசியில் சாய்கோடு போட்டும் போடாமலும் எட்டு. இத்தனையிலும் உங்கள் பக்கம் திறந்தால், தேடுபொறிக்கு அவை எட்டுத் தனி முகவரிகள். (முகப்புப் பக்கத்துக்கு மட்டும் கடைசிச் சாய்கோடு கணக்கில்லை.) வாசகர் எந்த இணைப்பு வழியாக வந்தார் என்று அறிய, கேள்விக்குறிக்குப் பின் சேர்க்கும் யுடிஎம் வால்கள் வேறு. இதற்காகக் கூகுள் தண்டிக்காது. ஆனால் எதைக் காட்டுவது என்பதை அதுவே தேர்ந்தெடுக்கும்.

ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். யாருக்கும் தேவைப்படாத மற்ற வடிவங்களை சர்வரிலேயே, நிரந்தரமாகத் திருப்பும் 301 ரீடைரக்ட் மூலம் அதற்குத் திருப்புங்கள். 302 தற்காலிகத்துக்கானது, இங்கே வேண்டாம். முதலில் எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு என்று இரண்டு தாவல் வைக்காமல் ஒரே தாவலில் முடியுங்கள். போட்ட ரீடைரக்டைக் குறைந்தது 1 வருடத்துக்கு எடுக்காதீர்கள்.

யுடிஎம், வரிசைப்படுத்தல் போலத் திறந்தே இருக்க வேண்டிய முகவரிகளுக்குத்தான் கெனானிக்கல் டேக், அதாவது இந்தப் பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் நிரல் வரி. 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஏற்றுக்கொண்ட முறை இது. கட்டளை அல்ல, பரிந்துரைதான். முழு முகவரியை எழுதுங்கள். பக்கத்துக்கு ஒன்றே இருக்கட்டும். தீமில் ஒன்று, எஸ்இஓ பிளகினில் இன்னொன்று என்று இரண்டு வேறு முகவரிகளைச் சொன்னால் இரண்டுமே வீணாகலாம்.

பலர் தவறவிடுவது இன்னொன்று: டேக், பக்க நிரலின் தொடக்கத்தில் பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் ஹெட் பகுதிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் ஒரு டிவ்வையோ (உள்ளடக்கப் பெட்டி) இமேஜையோ நுழைத்தால், ஹெட் அங்கேயே முடிந்ததாகக் கொள்ளப்படும். கீழே உள்ள கெனானிக்கல் செல்லாது. சர்வர் அனுப்பிய நிரலை மட்டும் காட்டும் வியூ சோர்ஸில் சரியாகவே தெரியும் என்பதால் பிடிபடாது. ஸ்கிரிப்ட் ஓடிய பிறகான நிரலைக் காட்டும், பிரவுசரின் இன்ஸ்பெக்ட்டில் பாருங்கள். பிடிஎஃப் கோப்புக்கு ஹெட்டே கிடையாது, அதற்கு, சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் எச்டிடிபி லிங்க் ஹெடரில் கொடுக்க வேண்டும்.

நகல்களை, தேடுபொறி எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுக்காதீர்கள். உள்ளே வர முடியாத கூகுள், அங்குள்ள கெனானிக்கலை எப்படிப் படிக்கும்? பட்டியலின் 2-ஆம் பக்கத்தை 1-ஆம் பக்கத்துக்குக் கெனானிக்கல் செய்வதும் தவறு. இரண்டிலும் இருப்பது வேறு வேறு சரக்கு.

சைட்மேப்பும் (தேடுபொறிக்குத் தரும் முகவரிப் பட்டியல்) தளத்தின் உள் இணைப்புகளும் அதே வடிவத்தையே சொல்ல வேண்டும். மெனு ஒன்றைக் காட்டி, கெனானிக்கல் மற்றொன்றைக் காட்டினால் கூகுள் உங்கள் பேச்சை நம்பாமல் போகலாம். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலின் யுஆர்எல் ஆய்வில், நீங்கள் அறிவித்ததும் கூகுள் தேர்ந்ததும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் வேறாக இருந்தால், கூகுள் தேர்ந்த முகவரிக்குத் தளத்தில் எங்கிருந்தெல்லாம் இணைப்பு போகிறது என்று தேடி, முதலில் அவற்றை மாற்றுங்கள்.