கொழும்பில் ஏ.டி.எம். பணம் தராவிட்டால்: ஊர்க் கார்டோடு வருபவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் ஊர் வங்கிக் கார்டுதான் கதி. இங்கே கணக்குத் திறக்க வதிவிட விசா, நிறுவனத்தின் கடிதம், முகவரிக்கு ஆதாரம் என்று வரிசையாகக் கேட்பார்கள். முகவரிக்கு முதலில் வீடு வேண்டும். வீடு என்றால் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு அனெக்ஸ், அதாவது வீட்டோடு ஒட்டி வாடகைக்கு விடும் தனிப் பகுதி. அதற்கு முன்பணம் வேண்டும், அதையும் ரொக்கமாகக் கேட்பார்கள். ஆகவே வந்த இரண்டாம் நாளே ஏ.டி.எம். முன்னால் நிற்பீர்கள்.

என் அறைத்தோழன் திருநெல்வேலிக்காரன். வெள்ளவத்தையில், காலி வீதியோரத்து இயந்திரம் ஒன்றில் 40,000 இலங்கை ரூபாய் கேட்டான். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனால் பணம் வரும் வாய் திறக்கவில்லை. கார்டு வந்தது, திரையில் ஒரு மன்னிப்பு வந்தது, ரசீதுகூட வரவில்லை. அறைக்கு வந்து செயலியைத் திறந்தால் ஊர்க் கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம் இந்திய ரூபாய் கழிந்திருந்தது.

அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஊர்ப் பழக்கம் அப்படி. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை நமக்கெல்லாம் பாடம்: ஏ.டி.எம். பணம் தராமல் கணக்கில் மட்டும் கழித்தால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகார் கொடுக்காமலே பணம் திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் அதே சுற்றறிக்கை, கொடுப்பவரும் பெறுபவரும் இந்தியாவுக்குள் இருக்கும் பரிவர்த்தனைகளுக்குத்தான் இது பொருந்தும் என்றும் சொல்கிறது. பாக்கு நீரிணையைத் தாண்டினால் ஐந்து நாளும் இல்லை, நூறு ரூபாயும் இல்லை. கொழும்பு இயந்திரத்தில் எடுத்த பணம் விசா, மாஸ்டர்கார்டு போன்ற பன்னாட்டு வலையமைப்பு வழியாகப் போகிறது. தவறினால் உங்கள் வங்கி அந்த வழியிலேயே முறையீடு அனுப்பி, இயந்திரத்தின் வங்கியிடம் விளக்கம் பெற வேண்டும். நீங்கள் கேட்காமல் அதை யாரும் தொடங்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பௌர்ணமி. இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, வங்கிகள் திறக்காது. அதற்கடுத்த நாள் இயந்திரத்தின் வங்கிக் கிளைக்குப் போனான். முகப்பில் இருந்த அம்மையார் அழகான தமிழில், “தம்பி, நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை. கார்டு கொடுத்த வங்கியிடம்தான் முறைப்பாடு செய்ய வேண்டும். அவர்கள் கேட்டால் நாங்கள் பதில் கொடுப்போம்” என்றார். இது தட்டிக்கழிப்பு இல்லை, நடைமுறையே அதுதான். அன்றைய கணக்கை முடிக்கும்போது இயந்திரத்தில் பணம் மிஞ்சியிருந்தாலும், அதை எந்தக் கார்டுக்குத் திருப்புவது என்பது உங்கள் வங்கியின் முறையீடு வந்த பிறகே தீரும். ஆனாலும் கிளைக்குப் போனது வீணில்லை. இயந்திர எண், நேரம், தொகை எழுதி, கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுகள் சில காலத்தில் அழிந்துவிடும்.

இனி, அவன் மாதக்கணக்கில் அலைந்ததற்கான காரணம். ஊர் வங்கியின் செயலியில் புகார்ப் படிவம் இருக்கிறது. அதில் தொகைக் கட்டத்தில் 40,000 என்று போட்டான். கட்டத்துக்கு முன்னால் இந்திய ரூபாய்க் குறி தானாகவே நிற்கிறது! அந்தப் பக்கம் தேடிய ஊழியருக்கோ மென்பொருளுக்கோ 40,000 இந்திய ரூபாய்க்கு எந்தப் பரிவர்த்தனையும் கிடைக்கவில்லை. ‘குறிப்பிட்ட தொகையில் பரிவர்த்தனை இல்லை’ என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். டாலரோ பவுண்டோ என்றால் யாராவது ஒருவர் நின்று யோசித்திருப்பார். இரண்டு நாட்டிலும் ரூபாயாக இருப்பதால் எவருக்கும் உறைக்கவில்லை. தேதி சரி, கார்டு சரி, கொழும்பு என்ற ஊர்ப் பெயர்கூட எதிரே இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு மனிதருக்கு ஒரு நிமிடம் ஆகுமா? மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது, புதிய எண், புதிய காத்திருப்பு. வலையமைப்பின் முறையீட்டுக்குக் கெடு உண்டு, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே எண் கட்டத்தில் கணக்கு அறிக்கையில் கழிந்திருக்கும் இந்தியத் தொகையை, காசு சுத்தமாக அப்படியே எழுதுங்கள். விளக்கக் கட்டத்தில் “40,000 இலங்கை ரூபாய் கேட்டேன், எதுவும் வரவில்லை” என்று நாட்டின் பெயரோடு சொல்லுங்கள். பாதிப் பணம் வந்திருந்தால் எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்பதையும் இலங்கை ரூபாயில் பிரித்துச் சொல்லுங்கள். பரிவர்த்தனைக் குறிப்பு எண் அறிக்கையிலேயே இருக்கும்.

இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். திரை பழைய வரவேற்பு நிலைக்குத் திரும்பும்வரை நகராதீர்கள். தாமதமாக வாய் திறந்தால் பணம் அடுத்து நிற்பவருக்குப் போகும். உடனே இன்னொரு தடவை முயலவும் வேண்டாம், இரண்டு கழிவு விழுந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். பணம் வரும் வாயில் ஏதாவது ஒட்டியிருப்பதுபோல் தோன்றினால் அங்கிருந்தபடியே இயந்திரத்தில் எழுதியுள்ள எண்ணை அழையுங்கள். இயந்திர எண் ஒட்டியிருக்கும் இடத்தையும் திரையையும் கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள். முடிந்தால் வங்கிக் கிளையோடு ஒட்டிய இயந்திரத்தையே, அதுவும் வேலை நேரத்தில், பயன்படுத்துங்கள்.

இன்னொரு எரிச்சல், தொலைபேசி. 1800 என்று தொடங்கும் இலவச எண்களை இங்கிருந்து நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்க ஒவ்வொரு வங்கியும் வேறு எண் தருகிறது. அதை விமானம் ஏறும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஊர் சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு இங்குள்ள சிம்மோடு திரிகிறவர்கள், புகார் கொடுக்க ஓ.டி.பி. வராமல் திண்டாடுவார்கள். ரோமிங் இயக்கத்தில் இருக்கட்டும், ரீசார்ஜ் தீரவிடாதீர்கள். நல்லவேளை, இரு நாட்டுக்கும் ஒரே நேரம்; நள்ளிரவில் எழுந்து சென்னையைக் கூப்பிட வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருக்கும் என் அக்காவுக்கு இதில்தான் பொறாமை.

ஊர் வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலும், சொன்ன பதில் ஒப்பாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணமில்லை. அவன் இரண்டாவது புகாரில் இந்தியத் தொகையைப் போட்டு, கிளையில் வாங்கிய முத்திரைக் கடிதத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் வங்கி அசைந்தது.

இங்கே கணக்குத் திறந்த பிறகு வேறு வங்கி இயந்திரத்தில் இதே கதை நடந்தாலும் விதி மாறாது: முதல் புகார் உங்கள் வங்கியிடம், எழுத்தில். அங்கே தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவை 1935 என்ற எண்ணில் அழைக்கலாம். நிதிக் குறைகேள் அதிகாரி அலுவலகமும் தனியே இருக்கிறது.

காசே எடுக்காமல் சமாளிக்கவும் வழியுண்டு. 2024 பிப்ரவரி 12 முதல் நம் யு.பி.ஐ. இலங்கையில் செல்லுகிறது, லங்கா க்யூ.ஆர். அட்டை வைத்துள்ள பல கடைகளில் ஸ்கேன் செய்து கொடுக்கலாம். செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிக்கொள்ள வேண்டும். அனெக்ஸ் வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் இது எடுபடாது.

பணம் திரும்பியதும் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். வெளிநாட்டு ஏ.டி.எம். கட்டணம், நாணய மாற்றுக் கூடுதல், அதன்மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனி வரிகளாகக் கழிந்திருக்கும். அசல் மட்டும் திரும்பி இவை நின்றுவிடலாம். அவனுக்கு அப்படித்தான் நின்றது. சில நூறு ரூபாய்தானே, விட்டுவிடு என்றேன். கேட்கவில்லை, மூன்றாவது புகார் எண்ணோடு காத்திருக்கிறான்.