பழைய ஃபோல்டரை இழுத்துப் போடாதீர்கள்: ப்ரொஃபைல் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், மதுரையில் கே.கே.நகர் ஆடிட்டர் அலுவலகங்களிலும் மாசி வீதி மொத்தக் கடைகளிலும் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள். கையோடு டொமைனிலும், அதாவது எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வர் கவனிக்கும் ஆபீஸ் நெட்வொர்க்கிலும், சேர்த்துவிடச் சொல்கிறார்கள். அப்போது பயனரின் ப்ரொஃபைலை, அதாவது அவருடைய ஃபோல்டர்களும் அமைப்புகளும் அடங்கிய தொகுப்பை, புதுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் முன்னால் வந்தவர்கள் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டைக் கேட்டு வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது.

பழைய ஃபோல்டரை முழுசாகப் புதியதன் மேல் கொட்டுவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். மீனா என்ற லோக்கல் கணக்கு (அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் செல்லும் கணக்கு) இருந்த கம்ப்யூட்டரை டொமைனில் சேர்த்து, மீனா என்றே டொமைன் கணக்கும் கொடுக்கிறோம். நமக்கு ஒரே ஆள். விண்டோஸுக்கு இரண்டு பேர். அது பெயரைப் பார்ப்பதில்லை, எஸ்ஐடி என்ற அடையாள எண்ணைத்தான் பார்க்கிறது. மீனா ஃபோல்டர் ஏற்கெனவே இருப்பதால், டொமைன் பெயர் வாலாக ஒட்டிய புது ஃபோல்டர் ஒன்று உருவாகும். பையன் பழையதை முழுசாகத் தேர்ந்தெடுத்து அதன் மேல் ஒட்டிவிடுகிறான். செயலிகளின் அமைப்புகள் இருக்கும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரும், என்டியூசர்.டேட் என்ற மறைந்த ஃபைலும் அதோடு சேர்ந்து புதியதுக்குள் போய்விடும்.

என்டியூசர்.டேட் என்பது அந்தப் பயனரின் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு. அதற்குள் இருக்கும் அனுமதிகள் பழைய எஸ்ஐடிக்கு எழுதியவை. புதுக் கணக்கால் அதைத் திறக்க முடியாது. ஸ்டார்ட் மெனு திறக்காது, அல்லது விண்டோஸ் தற்காலிக ப்ரொஃபைலில் உள்ளே விடும். கீழமாசி வீதிக் கடை ஒன்றில் அப்படித்தான் ஆனது. கணக்கர் மூலையில் வந்த அறிவிப்பை மூடிவிட்டு, பகல் முழுக்கப் போட்ட எக்செல் பட்டியலை டெஸ்க்டாப்பில் சேமித்தார். சாயங்காலம் சைன் அவுட் செய்ததும் எல்லாம் போயிற்று. தற்காலிக ப்ரொஃபைலின் குணமே அதுதான்.

சேமித்த பாஸ்வேர்டுகளும் வராது. அவற்றைப் பூட்டும் சாவி பழைய கணக்கோடும் அதன் பாஸ்வேர்டோடும் கட்டப்பட்டது. ஃபைலை நகல் எடுத்தாலும் பூட்டு திறக்காது. இதைச் சரிசெய்கிறேன் என்று எல்லோரையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ பெயருக்கு முழு அனுமதி கொடுப்பார்கள் பாருங்கள், அதற்குப் பேசாமல் இருந்திருக்கலாம்.

சரியான வழி: புதுக் கணக்கில் ஒருமுறை உள்ளே போய் வெளியே வாருங்கள், ப்ரொஃபைலை விண்டோஸே உருவாக்கட்டும். பிறகு வேறொரு அட்மின் கணக்கில் நுழைந்து, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இவற்றை மட்டும் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையில் நகல் எடுங்கள். எக்ஸ்ஜே (/XJ) சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் ஜங்ஷன்களுக்குள் (வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்புகளுக்குள்) புகுந்து சுற்றிக்கொண்டே இருக்கும். காப்பிஆல் (/COPYALL) வேண்டாம், பழைய அனுமதிகளும் கூடவே வரும், காப்பி:டிஏடி (/COPY:DAT) போதும். ஆர்:1, டபிள்யூ:1 (/R:1 /W:1) போட மறக்காதீர்கள். போடாவிட்டால் ஒரு ஃபைல் பூட்டியிருந்தாலும் 30 விநாடிக்கு ஒருமுறை 10 லட்சம் தடவை முயலும். ராத்திரி ஓடவிட்டுப் போனால் காலையில் அதே ஃபைலில்தான் நிற்கும்.

அவுட்லுக் கையொப்பங்கள் ஆப்டேட்டாவின் ரோமிங்கில், மைக்ரோசாஃப்ட்டுக்குள் சிக்னேச்சர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். அதைத் தனியாக எடுங்கள். குரோம் பாஸ்வேர்டுகளைப் பழைய கணக்கில் இருக்கும்போதே எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, புதியதில் ஏற்றியதும் அந்த சிஎஸ்வி ஃபைலை அழியுங்கள். கம்ப்யூட்டர்கள் நிறைய இருந்தால் பயனரின் ஃபைல்களையும் அமைப்புகளையும் இடம் மாற்றும் மைக்ரோசாஃப்ட்டின் யுஎஸ்எம்டி கருவியை ஓட்டுங்கள்: பழையதில் ஸ்கேன்ஸ்டேட், புதியதில் லோட்ஸ்டேட்.

சி டிரைவில் போய்ப் பயனர் ஃபோல்டரை டெலீட் செய்வது

ஃபோல்டர் போனாலும் ரெஜிஸ்ட்ரியின் ப்ரொஃபைல்லிஸ்ட்டில் பதிவு இருக்கும். அந்த ஆள் அடுத்தமுறை நுழைந்தால் மறுபடி தற்காலிக ப்ரொஃபைல்தான். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, யூசர் ப்ரொஃபைல்ஸ் வழியாகப் போய் நீக்குங்கள்.

டிஎன்எஸ்ஸில் 8.8.8.8

பெயரை ஐபி முகவரியாக மாற்றிக் கொடுப்பது டிஎன்எஸ். அங்கே கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டால் கம்ப்யூட்டரால் டொமைனைக் கண்டுபிடிக்க முடியாது. டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் ஐபி மட்டும் போடுங்கள்.

ஓடாத கடிகாரம்

டொமைன் கன்ட்ரோலரின் நேரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பராஸ் உள்ளே விடாது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

மின்தடை நாளில் தொடங்குவது

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பை முதலில் பாருங்கள்.

டேலியைப் பயனர் ஃபோல்டரில் தேடுவது

டேலிபிரைம் டேட்டா இயல்பாகப் பப்ளிக் ஃபோல்டருக்குள்தான் இருக்கும், யாரோ இடம் மாற்றியும் வைத்திருக்கலாம். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பாதை தெரியும். அதைக் குறித்துக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

பாமினியை விட்டுவிட்டு வருவது

பழைய கடிதங்கள் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்களான பாமினியிலோ வானவில்லிலோ இருந்தால், ஃபான்ட் இல்லாத கணக்கில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட்டைச் சும்மா இரட்டைக் கிளிக்கில் நிறுவினால் அந்த ஒரு பயனருக்கு மட்டுமே சேரும். ஃபைல் அவருடைய ஆப்டேட்டாவில் போய் உட்காரும். வலது கிளிக் செய்து, எல்லாப் பயனர்களுக்கும் என்பதைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். நிறுவியதும் பழைய கடிதம் ஒன்றைத் திறந்து, ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.