பழைய சாமானை ஆன்லைன் ஏலத்தில் விடும் முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்குகிற கடைக்காரர் ஒரு தூக்குவாளியை எப்படிப் பார்ப்பார் என்று கவனித்திருக்கிறீர்களா? தூக்கி எடை பார்ப்பார், சுண்டிப் பார்ப்பார், கவிழ்த்து அடியைப் பார்ப்பார், அப்புறம்தான் விலையே பேசுவார். ஆன்லைன் ஏலத்தில் கேட்பவருக்கு இதில் ஒன்றும் முடியாது. வீட்டைக் காலிசெய்யும்போது சாமானை ஏலத்தில் போடுபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருவது, மீதி அவசரத்தில் வருவது.

முதல் வேலையாகப் புளியைக் கரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பளபளவென்று இருந்தால் கூடக் காசு கிடைக்கும் என்று நினைப்பு, ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவதே ஏறிப்போன அந்தப் பழைய நிறத்தைத்தான். தேய்த்து மினுக்கிய குத்துவிளக்கு ஆயா (பாட்டி) கல்யாணத்துச் சீரில் வந்ததா, போன மாதம் வார்த்ததா என்று படத்தில் எப்படித் தெரியும்? துணியால் தூசி தட்டினால் போதும். பழைய நாணயத்தைத் தேய்த்தால் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். தேக்குப் பெட்டிக்குப் புது வார்னிஷ் அடிப்பதும் இதே கதைதான்.

அடுத்து விவரம். ‘செட்டிநாட்டுப் பழைய எனாமல் பாத்திரம், சூப்பர் கண்டிஷன்’ என்று எழுதினால் யார் தேடினாலும் உங்கள் பாத்திரம் கண்ணில் படாது. கவிழ்த்து அடி முத்திரையைப் படியுங்கள். நம் வீடுகளில் கிடக்கும் எனாமல் அடுக்குகளில் பலதும் ஸ்வீடனின் கொக்கும்ஸ் கம்பெனி செய்தவை, அந்தப் பெயரை வைத்தே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். முத்திரை காலத்தையும் சொல்லும்: செக்கோஸ்லோவாகியா என்று நாடு உருவானதே 1918-இல், அதனால் அந்தப் பெயர் போட்ட கிண்ணத்தை ‘150 வருடப் பழசு’ என்று போட்டால் விஷயம் தெரிந்தவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ‘ஆக்குபைடு ஜப்பான்’ (ஆக்கிரமிப்பில் இருக்கும் ஜப்பான்) என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய 1945 முதல் 1952-க்குள் செய்தது. உயரம், வாய் விட்டம், எடை மூன்றையும் அளந்து எழுதுங்கள். எனாமல் தெறித்த இடம், ஜாடியின் கீறல், பற்றவைத்த கைப்பிடி, எல்லாவற்றையும் நீங்களே கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டுவிட்டால், பிறகு சாமானைத் திருப்பி அனுப்புகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

படத்துக்கு வளவு (வீட்டு நடுமுற்றம்) வெளிச்சத்தை விட நல்ல வெளிச்சம் கிடையாது, காலையில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். பெல்ஜியம் கண்ணாடியை எடுக்கும்போது கைலியோடு நீங்களும் அதில் தெரிவீர்கள், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். பின்னால் இரும்புப் பெட்டி, வீட்டு எண், பூட்டிக் கிடக்கும் அறைகள் எதுவும் விழ வேண்டாம்.

ரவிவர்மா படம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாமி அறையில் மாட்டியிருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் பெரும்பாலும் அச்சுப் படங்கள். ரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது, கீழ் ஓரத்தில் அச்சகப் பெயர் இருக்கும். அதை ‘ஒரிஜினல் ஓவியம்’ என்று போட்டால் பொய், ஃபிரேமுக்கு அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டினால் விலை போச்சு.

விலையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். யாரோ நாற்பதாயிரம் கேட்டிருக்கிறார் என்பதைப் பார்த்து நாமும் நாற்பதாயிரத்தில் தொடங்கக் கூடாது, அவர் கேட்கத்தான் செய்கிறார், விற்கவில்லை. விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். ஈபே மாதிரியான ஏலத்தில் கேட்பவர் தன் உச்சவரம்பைச் சொல்லி வைப்பார், தளம் அடுத்தவரை விட ஒரு படி மட்டும் ஏற்றும். ஆக விலையைத் தீர்மானிப்பது இரண்டாவது ஆள்தான். இரண்டாவது ஆள் வராவிட்டால் தொடக்க விலைக்கே போய்விடும். ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்ட பிறகு நம் பக்கம் பலர் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில்தான் ஏலம் விடுகிறார்கள், அங்கே கேட்கும் ஆள் குறைவு என்பதால் ஒரு ரூபாயில் தொடங்கும் வீரம் வேண்டாம், இதற்குக் கீழே தர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மச்சானை விட்டு விலை ஏற்றுவது ஏலத் தளங்களின் விதிக்கு எதிரானது. கடைசியில் மச்சான் தலையிலேயே விழுந்தாலும் விழும்.

சட்டத்தை விளையாட்டாக எடுக்காதீர்கள். 1972-இன் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய சிலை, ஓவியம், கைவினைப் பொருள் தொல்பொருளாகும், மதிப்புள்ள சுவடிக்கு 75 வருடமே போதும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை, விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும், சில வகைகளைப் பதிவும் செய்ய வேண்டும். 1920-களில் பர்மாவிலிருந்து வந்தவை இப்போதுதான் அந்த 100-ஐத் தொடுகின்றன என்பதைக் கணக்கில் வையுங்கள். யானைத் தந்தம், சுவரில் மாட்டிய மான்கொம்பு, புலித்தோல் இவற்றை ஏலத்தில் போடவே போடாதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள், தாத்தா காலத்தது என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. இன்னொன்று, பொது வீட்டுச் சாமான் என்றால் பங்காளிகள் எல்லோரிடமும் கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போடுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் தனக்குப் பங்கு வேண்டாம் என்று சொன்னதாக யாரோ சொன்னது போதாது.

அனுப்பும் செலவை ஏலத்துக்கு முன்பே விசாரியுங்கள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுப்பார்கள். பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) கையில் இறகாக இருக்கும், 40-க்கு 40-க்கு 30 பெட்டியில் வைத்தால் 9.6 கிலோ கணக்கு! பீங்கான் ஜாடிக்கு உள்ளேயும் காகிதம் திணித்து, பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டுங்கள், மூடியைத் தனியே சுற்றுங்கள்.

பணம் விஷயம் சுருக்கமாக. ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன், கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யூபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சாமானைக் கட்டுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி இருக்கும்.