நொய்யல் கரையில் ஒரு கிலோமீட்டர்: ஆற்றைக் கண்காணிக்கத் தொடங்குவோருக்கு

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. ஆயினும், பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காக்க 1988 முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் இரவில் நடந்து வருவது போன்ற பணியை நாம் ஆற்றங்கரையில் செய்யலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலை வைத்து இங்கே விளக்குகிறேன். பவானி, அமராவதிக் கரைகளுக்கும் இம்முறை பொருந்தும்.

முதலில், வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஒரு கிலோமீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். பாலம், தடுப்பணை போன்ற இடம் மாறாதவையே அதன் இரு எல்லைகளாக இருக்கட்டும். இடையில் பள்ளம் (சிற்றோடை) வந்து சேருமிடம், சாக்கடை விழுமிடம், வாய்க்கால் பிரியுமிடம் ஆகியவற்றைக் கையால் வரைந்த படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தைக் கடந்து போக வேண்டியிருந்தால் உரியவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நாளும் நேரமும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்று வைத்துக்கொண்டால், அதை மாற்றவே கூடாது. இரவில் நீர்த்தாவரங்கள் உயிர்வளியை (ஆக்சிஜனை) வெளியிடாமல் எடுத்துக்கொள்ள மட்டுமே செய்வதால், விடியற்காலையில் நீரில் கரைந்த உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மாலையிலும் போனால் இரண்டையும் ஒப்பிட இயலாது.

தனியாகப் போக வேண்டாம். ஆற்றில் வெள்ளம் வரும்போது கரையிறங்கவே வேண்டாம்; நுரையைக் கையால் தொடவும் வேண்டாம்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: நீர்மட்டம் (பாலத்தூணில் எத்தனையாவது கல்வரிசை நனைந்திருக்கிறது என்று எண்ணினால் போதும்), நிறம், நாற்றம், நுரை, ஆகாயத்தாமரை மூடியிருக்கும் அளவு, பறவைகள், புதிதாகக் கொட்டப்பட்ட கோழிக்கழிவு அல்லது கட்டட இடிபாடு. எதுவும் இல்லாத மாதத்தில் "நுரை இல்லை, புதுக் குப்பை இல்லை" என்று எழுதத் தவறாதீர்கள். தொடங்குவோர் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நுரை எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லக்கூடியது, அது இல்லாத மாதங்களின் பதிவு ஒன்றே. "சாயப்பட்டறைத் தண்ணீர்" என்று ஊகத்தை எழுதாமல், "கருநீல நீர், வலக்கரைக் குழாய்க்குக் கீழே" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள்.

மூன்று இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே திசையில் படம் எடுங்கள்.

இனி, டிடிஎஸ் மீட்டர். குறைந்த விலையில் கிடைக்கும் இக்கருவி, நீரில் கரைந்துள்ள உப்புகளை மின்கடத்தல் வழியாக அளந்து காட்டுகிறது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பை நிறையச் சேர்க்கிறார்கள்; கழிவுநீரின் நிறத்தை நீக்கிவிட்டாலும் உப்பு அதிலேயே தங்கிவிடும். எனவே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரும் பயிருக்கு ஆகாததாக இருக்கக்கூடும். நொய்யலின் குறுக்கே 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமற்போனதும், உழவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் இந்தச் சிக்கலால்தான். குடிநீரில் இவ்வாறு கரைந்தவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் எண் குறைவாக இருப்பதால் நீர் தூய்மை என்று கொள்ளாதீர்கள். சாக்கடைக் கிருமிகளை இக்கருவி காட்டாது. கருவியை ஆற்றுநீரிலேயே இருமுறை அலசி, மூன்று முறை அளந்து, மூன்று எண்களையும் எழுதுங்கள். சாக்கடை விழுமிடத்துக்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாக அளந்தால்தான் வேறுபாடு புலப்படும்.

வெள்ளம் வடிந்தபின் கூடுதலாக ஒரு நடை தேவை. கடற்கரையில் அலை ஒதுக்கும் வரியைப் போலவே, இங்கும் முட்செடிகளில் சிக்கிய நெகிழிப்பைகளும் துணிக்கழிவுகளும் வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும். அந்த உயரத்தை அளந்து, சிக்கியவற்றை வகைபிரித்து எண்ணுங்கள்.

மாற்றம் தென்பட்டால், நாள், நேரம், இடம், படம், முந்தைய மாதங்களின் பதிவு ஆகியவற்றை இணைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுங்கள். மனுவுக்குரிய ஒப்புகைச் சீட்டைப் பெற்று, அதன் எண்ணையும் அதே குறிப்பேட்டில் அந்த மாதத்துப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.